பயமுறுத்தியது போதும், பக்கத்தில் இருப்பவரிடம் பேசுங்கள்

மறுபடியும் ஒரு மாணவி. புவி வெப்பமாவது பற்றிய காணொளிகளைப் பார்த்துப் பார்த்துத் தூக்கம் போய்விட்டது. கூட வந்த அப்பா, "யாருமே இதைப் பெருசா எடுத்துக்கல டாக்டர், இவ மட்டும் ஏன்?" என்கிறார். எத்தனை பெற்றோர் வாயால் இதைக் கேட்டுவிட்டேன்!

இவள் மட்டும் இல்லை. 2021-இல் 10 நாடுகளில் 16 முதல் 25 வயதுவரை உள்ள 10,000 பேரிடம் கேட்டபோது, 59 சதவீதத்தினர் காலநிலை மாற்றத்தை நினைத்து மிகவும் கவலைப்படுவதாகச் சொன்னார்கள்.

மெல்ல வரும் ஆபத்து நம்மை எளிதில் உலுக்காது, இன்றைய செலவுதான் பெரிதாகத் தெரியும். இது தெரிந்ததே. எனக்கு ஆத்திரம் வருவது, "மக்களுக்கு அக்கறை இல்லை, நன்றாகப் பயமுறுத்தினால்தான் திருந்துவார்கள்" என்ற பேச்சைக் கேட்கும்போது.

அக்கறை இருக்கிறது. 125 நாடுகளில் ஏறத்தாழ 1,30,000 பேரிடம் எடுத்து 2024-இல் வெளியான ஆய்வில், காலநிலைக்காக வருமானத்தில் 1 சதவீதம் தரத் தயார் என்றவர்கள் 69 சதவீதம். உங்கள் நாட்டில் எத்தனை பேர் தருவார்கள் என்று கேட்டால், சராசரியாக 43 சதவீதம் என்கிறார்கள். அடுத்தவருக்கும் இதே கவலை என்பது நமக்குத் தெரிவதில்லை.

1968-இல் சமூக உளவியலாளர்கள் லத்தானேயும் டார்லியும் நடத்திய சோதனையில், படிவம் நிரப்ப உட்கார வைத்தவர்களின் அறைக்குள் புகை விட்டார்கள். தனியாக இருந்தவர்களில் 75 சதவீதம் பேர் வெளியே வந்து தகவல் சொன்னார்கள். கண்டுகொள்ளாதது போல் நடிக்க இருவரைக் கூட உட்கார வைத்தபோது 10 சதவீதம்தான். மீதிப்பேர் இருமிக்கொண்டும் கண்ணைக் கசக்கிக்கொண்டும் படிவத்தை நிரப்பினார்கள். புகை தெரியாமல் இல்லை. பக்கத்தில் இருந்தவர் அசையவில்லை, அவ்வளவுதான்.

அப்புறம் பயம். உடனே செய்ய ஒரு வழி கண்ணெதிரே இருந்தால் பயம் உதவும். வழி காட்டாத பயம் சிலரை முடக்கும், சிலரைப் பேச்சை மாற்ற வைக்கும். இரண்டு வகையினரையும் என் அறையில் பார்க்கிறேன்.

படுக்கையில் பேரழிவுக் காணொளி வேண்டவே வேண்டாம். பிள்ளை கவலையைச் சொன்னால், "உனக்கெதுக்கு இதெல்லாம்" என்று வாயை அடைக்காதீர்கள். உங்களுக்கும் கவலை உண்டென்றால் அதைச் சொல்லுங்கள். தனியாகச் செய்வதோடு நிற்காமல் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு, வேலையிடத்திலும் குடியிருப்பிலும் மின்சாரம், போக்குவரத்து பற்றிக் கேள்வி எழுப்புங்கள். செய்ததை நாலு பேருக்குத் தெரியும்படி செய்யுங்கள்.

தூக்கமின்மையும் படபடப்பும் வாரக்கணக்கில் நீடித்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். இதற்கெல்லாமா போவது என்று தயவுசெய்து தயங்காதீர்கள்.