வாய்ஸ் மெசேஜ் சாட்சியாக நிற்க வேண்டுமானால், அது வந்த போன் வேண்டும்

ராயக்கோட்டை தக்காளி மண்டியிலும் கிருஷ்ணகிரி மாந்தோப்புக் குத்தகையிலும் இப்போது விலை படிவது வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜில்தான். "லோடு ஏத்திடுங்க, பணம் வெள்ளிக்கிழமை போட்டுவிடறேன்" என்ற பேச்சுக்கு எழுத்தில் ஒரு வரி இருக்காது. தர்மபுரிப் பக்கம் ஏலச்சீட்டுத் தகராறும் கடன் வசூல் மிரட்டலும் அப்படியே. விவகாரம் முற்றி, போன்களைச் சாட்சியத்துக்காகப் பரிசோதிக்கும் எங்களிடம் வரும்போது அந்தக் குரல் காணாமல் போயிருந்தால், பல நேரம் காரணம் எதிராளி அல்ல. பாதிக்கப்பட்டவரே பத்திரப்படுத்துவதாக நினைத்துச் செய்த காரியம்தான்.

ஆண்ட்ராய்டு போனில் வாய்ஸ் மெசேஜ் இரண்டு இடத்தில் இருக்கிறது. ஆடியோ ஃபைல், 'வாட்ஸ்அப் வாய்ஸ் நோட்ஸ்' ஃபோல்டரில், 'பிடிடி' என்று தொடங்கி தேதியோடு வரும் பெயரில், ஓபஸ் என்ற ஆடியோ வடிவத்தில் கிடக்கும். யார் அனுப்பியது, எத்தனை மணிக்கு என்பது அந்த ஃபைலுக்குள் இல்லை. அது 'எம்எஸ்ஜிஸ்டோர்' என்ற டேட்டாபேஸில், செயலியின் உள்ளறையில் இருக்கிறது. அங்கே ஒரு மெசேஜுக்கு அனுப்பியவரின் அடையாளம், நேரம் (1970 தொடக்கத்திலிருந்து எத்தனை மில்லி செகண்ட் என்ற எண்ணாக), எத்தனை வினாடி ஓடும், ஃபைல் எங்கே இருக்கிறது எல்லாம் பதிவாகும். கூடவே 44 எழுத்தில் ஒரு ஹாஷ் மதிப்பும் இருக்கும்; ஃபைலின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட கைரேகை போன்றது அது. ஃபோல்டரில் உள்ள ஆடியோவுக்கு எஸ்எச்ஏ-256 என்ற முறையில் ஹாஷ் கணக்கிட்டு, அந்த 44 எழுத்தோடு ஒப்பிட வேண்டும். பொருந்தினால், வந்து சேர்ந்த பிறகு அந்த ஃபைலில் ஒரு பிட்டைக்கூட யாரும் மாற்றவில்லை. "வெட்டி ஒட்டிட்டாங்க" என்ற வாதத்துக்கு இதைவிட நல்ல பதில் எங்களுக்குத் தெரியாது. ஆனால் அனுப்புவதற்கு முன்பே அது ஏஐ மூலம் செய்த போலிக் குரலா என்பதை ஹாஷ் சொல்லாது. அதற்குக் குரல் ஒப்பீடு தனியாக வேண்டும்.

இதனால்தான் வக்கீலுக்கோ மகனுக்கோ ஃபார்வர்ட் செய்துவிட்டு, இடம் அடைக்கிறது என்று தன் போனில் அழிப்பது பெரிய நஷ்டம். ஃபார்வர்ட் ஆன பிரதியில் அனுப்பியவர் நீங்கள், நேரம் நீங்கள் ஃபார்வர்ட் செய்த நேரம். மிரட்டியவரின் எண் அதில் எங்கும் இல்லை. எம்பி3 ஆக மாற்றுவதும் வேண்டாம். ஹாஷ் பொருந்தாது, ஏற்கெனவே சுருக்கப்பட்ட குரல் இன்னொரு முறை சுருங்கி, ஒப்பீட்டுக்கான நுணுக்கம் குறைந்துவிடும்.

அழிந்ததை மீட்க முடியுமா? பழைய போன்களில் மெமரி சிப்பைத் துழாவி எடுத்த காலம் உண்டு. ஆண்ட்ராய்டு 10-உடன் வெளிவந்த போன்களிலிருந்து ஒவ்வொரு ஃபைலும் தனிச் சாவியால் பூட்டப்படுகிறது. ஃபைல் அழிந்தால் திறக்கும் வழியும் அதோடு போய்விடும். ஆகவே 'ரெக்கவரி' என்று விளம்பரம் வரும் செயலிகளை நிறுவாதீர்கள். மிச்சமிருக்கும் நம்பிக்கை டேட்டாபேஸில்தான். அழித்த மெசேஜின் பதிவு, அது இருந்த இடத்தில் புது மெசேஜ் எழுதப்படும் வரை கிடக்கலாம். உறவினர் குரூப்பில் வரும் ஒவ்வொரு காலை வணக்கமும் அந்த இடத்தைத் தின்கிறது. இன்னொன்று, இரவு 2 மணிக்கு வாட்ஸ்அப் போனிலேயே எடுத்து வைக்கும் பேக்கப். கடைசி ஒரு வாரத்து நகல்கள் வரை கிடைக்கலாம். நேற்று மாலை வந்து இன்று அழிக்கப்பட்ட மெசேஜின் விவரம் நேற்றிரவு நகலில் இருக்கும். ஆடியோ அந்த நகலில் இருக்காது. வாட்ஸ்அப்பை நீக்கிவிட்டு மறுபடி போட்டால் நடப்பு டேட்டாபேஸ் போய்விடும். இதைச் செய்துவிட்டு வருபவர்களுக்கு நாங்கள் சொல்லக்கூடியது மிகக் குறைவு.

அனுப்பியவர் 'எல்லோருக்கும் அழி' என்று கொடுக்க ஏறத்தாழ இரண்டரை நாள் அவகாசம் உண்டு. உங்கள் போன் இணையத்தில் இல்லாவிட்டால் அந்தக் கட்டளை வந்து சேராது. அதனால் மிரட்டல் வந்ததும் ஃப்ளைட் மோடு போட்டு, வைஃபையும் நின்றதா என்று பாருங்கள். பேச வேண்டுமானால் சிம்மைக் கழற்றி வேறு போனில் போடலாம். அதில் வாட்ஸ்அப்பைப் பதிவு செய்யாதீர்கள், பழைய போனில் கணக்கு வெளியேறிவிடும்.

கைப்பற்றப்படும் போன்களில் நேரம் இன்னும் நெருக்கும். பூட்டியே கிடக்கும் ஐபோன், ஐஓஎஸ் 18.1 முதல், மூன்று நாளில் தானாக ரீஸ்டார்ட் ஆகிறது. 2025-இல் ஆண்ட்ராய்டுக்கும் இதே ஏற்பாடு வந்தது. அதன் பிறகு கடவு எண் இல்லாமல் தகவலை எடுப்பது மிகக் கடினம். சிக்னல் தடுக்கும் ஃபாரடே பையில் போட்டால் போன் டவரைத் தேடித் தேடி சார்ஜைக் காலி செய்யும். பவர் பேங்கையும் இணைத்தே பைக்குள் வையுங்கள்.

நேரக் கணக்கில் சறுக்குவது அதிகம். பரிசோதனைக் கருவிகள் பல, நேரத்தை யுடிசியில், அதாவது இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்தங்கிய உலகப் பொது நேரத்தில், காட்டும். 5-ஆம் தேதி அதிகாலை 1.30-க்கு வந்த மிரட்டல், அறிக்கையில் 4-ஆம் தேதி இரவு 8 மணி என்று நிற்கும். ஐந்தரை மணி நேரம் கூட்டியதா இல்லையா என்று அறிக்கையிலேயே எழுத வேண்டும்.

டெலிகாம் நிறுவனம் எல்லாப் பேச்சையும் பதிவு செய்து வைத்திருக்கும் என்று நம்புபவர்கள் நிறையப் பேர். அவர்களிடம் இருப்பது யார் யாரை எப்போது அழைத்தார், எவ்வளவு நேரம் என்ற விவரம். இரண்டு ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பது விதி. குரல் இருக்காது. ஓசூரில் பலர் கர்நாடக சிம் வைத்திருப்பதால், அந்த விவரத்தைக் நிறுவனத்தின் கர்நாடகத் தொலைத்தொடர்பு வட்டத்தில் கேட்க வேண்டும். வெளிநாட்டு உறவினரின் ஐபோனில் வாய்ஸ்மெயில் இருந்தால் அது வேறு: ஏஎம்ஆர் என்ற வகை ஆடியோ ஃபைலாகப் போனிலேயே இருக்கும், அழித்த தேதியும் பதிவாகும்.

ஓசூர், தேன்கனிக்கோட்டை, வேப்பனப்பள்ளி வாய்ஸ் மெசேஜ்களில் தெலுங்கும் கன்னடமும் தமிழும் ஒரே மூச்சில் வரும். அதை நல்ல தமிழாக்கி எழுதிக் கொடுப்பது தவறு. பேசியது பேசியபடி, எந்த வினாடியில் எந்தச் சொல் என்று எழுதி, மொழிபெயர்ப்பைத் தனியாக வையுங்கள். புரியாத இடத்தில் 'தெளிவாகக் கேட்கவில்லை' என்றே எழுதுங்கள்.

நீதிமன்றத்துக்கு பாரதிய சாக்ஷிய அதினியம் 2023 என்ற சாட்சியச் சட்டத்தின் பிரிவு 63(4) சான்றிதழ் தேவை. 'ஏ' பகுதியை ஆவணத்தைத் தாக்கல் செய்பவரும் 'பி' பகுதியை நிபுணரும் நிரப்ப வேண்டும். போனின் தனி அடையாள எண்ணான ஐஎம்இஐ எண்ணும் ஹாஷ் மதிப்பும் அதில் கேட்கப்படும். எதிராளியின் குரல் மாதிரி எடுக்க மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம் என்று உச்ச நீதிமன்றம் 2019-இல் சொன்னது. இப்போது குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா பிரிவு 349-இல் அது சட்டமாகவே இருக்கிறது.

மாவட்ட சைபர் கிரைம் பிரிவுக்குப் போகும்போது போன், சார்ஜர், கடவு எண், வாட்ஸ்அப் பேக்கப்புக்குத் தனிப் பாஸ்வேர்டோ 64 இலக்கச் சாவியோ வைத்திருந்தால் அதுவும் வேண்டும். போனை ஒப்படைத்தால் ஐஎம்இஐ எண் எழுதிய ரசீது வாங்குங்கள். பணமும் போயிருந்தால் இதற்கெல்லாம் முன்பு சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு அழையுங்கள். வங்கியில் பணத்தை நிறுத்துவது மணிக்கணக்கில் நடக்க வேண்டிய வேலை.