‘இன்ஸ்பெக்‌ஷன்’: சோதனையா, தணிக்கையா, ஆய்வா?

திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளில், தைத்து முடிந்த ஆடை பெட்டிக்குள் போவதற்கு முன் ஒரு மேசைக்கு வந்து சேரும். விளக்கொளியில் அதை விரித்து, கழுத்துப்பட்டி, தோள் மூட்டு, அக்குள், ஓர மடிப்பு என்று வரிசையாகப் பார்த்து, எண்ணெய்க் கறையோ ஓட்டையோ தையல் விட்ட இடமோ தென்பட்டால் அங்கே அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டி ஒதுக்கி வைப்பவரின் வேலைக்குச் ‘செக்கிங்’ என்று பெயர். ஆடையை வாங்கும் நிறுவனமான பையரின் ஆள் வந்து அதையே செய்தால் அது ‘இன்ஸ்பெக்‌ஷன்’ ஆகிவிடுகிறது. இந்த இரண்டாவது சொல்லைத் தமிழில் எழுத நேரும்போது ஒருவர் சோதனை என்கிறார், இன்னொருவர் பரிசோதனை என்கிறார், வேறொருவர் தணிக்கை என்கிறார்.

‘இன்ஸ்பிகெரே’ என்ற இலத்தீன் வினையிலிருந்து பிறந்த இச்சொல்லுக்கு ‘உள்ளே நோக்குதல்’ என்பது வேர்ப்பொருள். தொழில்துறையில் அது நோக்குவதோடு முடிவதில்லை. ஒரு பொருள், குறித்துரைத்த தேவைகளுக்கு இணங்குகிறதா என்று தீர்மானிப்பதையே ஐஎஸ்ஓ 9000 என்ற பன்னாட்டுத் தரநிலை இச்சொல்லால் சுட்டுகிறது. எனவே பார்ப்பதற்கு முன்பே ஓர் அளவும், பார்த்த பின் ஒரு முடிவும் இருந்தாக வேண்டும்.

சோதனை என்பது, தூய்மை செய்தலைக் குறித்த வடசொல்லின் வழி வந்தது. துணியைத் துவைத்து எத்தனை விழுக்காடு சுருங்கியது என்று அளப்பதும், வெள்ளைத் துணியால் தேய்த்துச் சாயம் ஒட்டுகிறதா என்று பார்ப்பதும் சோதனைகள். அவை பெரும்பாலும் ஆய்வகத்தின் வேலை. உருது வழியாக நம்மிடம் வந்த தணிக்கை, கணக்கும் நடைமுறையும் ஒழுங்காக உள்ளனவா என்று பார்ப்பதற்கு உரியது. தணிக்கையாளர் பனியனை விரித்துப் பார்க்க வேண்டியதே இல்லை.

எஞ்சுவது ஆய்வு. ‘ஓய்தல் ஆய்தல் நிழத்தல் சாஅய்’ ஆகிய நான்கும் உள்ளதன் நுணுக்கத்தைக் குறிக்கும் என்கிறது தொல்காப்பிய உரியியல். அவ்வளவு பழைய இடத்துக்குப் போகாமல் வீட்டு முறத்தைப் பார்த்தாலும் போதும். கீரை ஆய்பவர் காம்பு காம்பாக எடுத்து, பூச்சி அரித்த இலையையும் பழுத்த இலையையும் முற்றிய தண்டையும் கழித்து, நல்லதை மட்டும் சேர்க்கிறார். உற்றுப் பார்த்தல், அளவோடு ஒப்பிடுதல், கொள்வதா கழிப்பதா என்று முடிவெடுத்தல் ஆகிய மூன்றும் அந்த ஒரு வினைக்குள் அடங்கியிருப்பதால், இன்ஸ்பெக்‌ஷனுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரிந்து இல்லை. ஆய்வு என்றால் பல்கலைக்கழக ஆராய்ச்சி என்று மயங்க நேராதா என்று சிலர் கேட்கக்கூடும். தொழிலாளர் ஆய்வாளர், முத்திரை ஆய்வாளர், காவல் ஆய்வாளர் எவரையும் நாம் ஆராய்ச்சியாளர் என்று நினைப்பதில்லை. முன்னே ‘தர’ சேர்த்துத் ‘தர ஆய்வு’ என்று எழுதினால் அந்த மயக்கமும் தீரும்.

கீரைக்கட்டில் ஒவ்வோர் இலையையும் ஆய்வது போல எல்லாப் பீஸ்களையும் பார்ப்பது முழு ஆய்வு. சிலவற்றை மட்டும் எடுத்துப் பார்ப்பது மாதிரி ஆய்வு. 1920களில் அமெரிக்காவின் பெல் தொலைபேசி ஆய்வகங்களில் தரக்கட்டுப்பாட்டு அறிஞர்களான டாட்ஜும் ரோமிக்கும் வகுக்கத் தொடங்கிய மாதிரி முறை, இன்று இந்தியத் தரநிலையான ஐஎஸ் 2500 வரை வந்திருக்கிறது. 1201 முதல் 3200 பீஸ் வரையுள்ள ஒரு லாட்டில், அதாவது ஒன்றாக ஆய்வுக்கு வரும் தொகுதியில், அத்தரநிலையின் வழக்கமான இரண்டாம் ஆய்வு நிலைப்படி 125 பீஸ் எடுக்க வேண்டும். ஏற்புத் தர வரம்பு, அதாவது பொறுத்துக்கொள்ளும் குறை விழுக்காடு, 2.5 என்றால், குறையுள்ளவை 7 வரை இருந்தால் லாட் ஏற்கப்படும், 8 ஆனால் நிராகரிக்கப்படும். இங்கே ‘தள்ளுபடி’ என்று எழுதிவிடக் கூடாது. விலையில் கழிவு என்று வாசிப்பார்கள்.

எழுதி வைப்பதிலும் இரண்டு சொற்களைப் பிரித்தாள வேண்டும். மேசையில் கண்டதை அங்கேயே குறிப்பது ஆய்வுப் பதிவு. லாட் எண், மாதிரி அளவு, குறைகளின் கூட்டுத்தொகை, முடிவு, கையொப்பம் ஆகியவற்றோடு பிறகு எழுதுவது ஆய்வறிக்கை. பதிவு மெலிந்திருந்தால் அறிக்கை எத்தனை பக்கம் இருந்தும் பயனில்லை. ‘தையல் சரியில்லை’ என்பது பதிவாகாது. ‘இடது தோள் மூட்டில் 2 செ.மீ. தையல் விடுபாடு, 3 பீஸ்’ என்று இருந்தால்தான், அந்த மூட்டைத் தைத்த எந்திரம் எது என்று தையல் வரிசையில் தேடிப் போக முடியும்.