புழல் ஏரி ஓடுதளமாக இருந்தபோது

சென்னைக்காரர்களுக்குப் புழல் ஏரி என்றால் குடிதண்ணீர். ஏரியில் எத்தனை அடி நிற்கிறது என்று பேப்பரில் பார்த்துவிட்டுக் கோடையைப் பற்றிக் கவலைப்படுகிற ஊர் இது. இரண்டாம் உலகப் போரில் அதே ஏரி ஒரு விமான தளமாக இருந்தது. பிரிட்டிஷ் விமானப்படையின் 240ஆம் ஸ்குவாட்ரன் என்ற விமானப் பிரிவு, 'ரெட் ஹில்ஸ் லேக்' என்று பெயரிட்ட தளத்தில் இருந்து, கேட்டலினா என்ற பறக்கும் படகுகளை, அதாவது தண்ணீரிலேயே இறங்கி ஏறும் விமானங்களை, ஓட்டி வங்கக் கடலைக் கண்காணித்தது. பக்கத்துச் சோழவரத்தின் போர்க்கால ஓடுதளம் பின்னாளில் கார், பைக் பந்தயத் திடலானதால் பலருக்கு நினைவிருக்கிறது. ஏரித் தளத்தைத்தான் மறந்துவிட்டோம், தண்ணீரில் தடம் நிற்காதே.

ஏன் ஏரி? ஓடுதளம் போட மாதக்கணக்கில் ஆகும், ஜல்லியும் சிமென்ட்டும் ஆளும் வேண்டும், ஏரியோ தயாராகக் கிடக்கிறது. காற்று எந்தத் திசையில் அடித்தாலும் அதற்கு எதிர்முகமாகத் திரும்பி ஓடலாம், குண்டு விழுந்தாலும் பள்ளம் விழாது. கடலில் இறங்கலாமே என்றால், அலை பெரிதாக இருந்தால் படகின் அடிப்பாகம் அடிபட்டுப் பிளந்துவிடும், அதனால்தான் ஏரியையும் கடற்கழியையும் தேடிப் போனார்கள். இலங்கையில் காலிக்குப் பக்கத்தில் உள்ள கொக்கலைக் கழி அப்படித் தேர்ந்தெடுத்த இடம்.

சரி, பதினைந்து டன்னுக்கு மேல் எடையோடு தண்ணீரில் மிதக்கும் ஒன்று எப்படி எழும்பும்? இதில்தான் உண்மையான சாமர்த்தியம் இருக்கிறது. முதலில் அது வெறும் படகு, தண்ணீரை இருபுறமும் தள்ளிக்கொண்டு போகிறது. வேகம் கூடக்கூட முன்னால் அலை திரண்டு எதிர்க்கிறது, இன்ஜின்கள் முழு மூச்சில் உறுமினாலும் ஒரு கட்டத்தில் அதற்கு மேல் போகாது போலவே தோன்றும். அந்த மேட்டைத் தாண்டிவிட்டால், தட்டையான ஓட்டாஞ்சில்லைச் சாய்த்து எறிந்தால் நீர்மேல் தத்திப் போகிற மாதிரி, படகு தண்ணீருக்கு மேலே ஏறிச் சறுக்க ஆரம்பிக்கும். இப்போது இழுவை சடசடவென்று குறைகிறது.

ஆனால் இன்னும் ஒரு பிடி மிச்சம். விளிம்பு இல்லாத பாத்திரத்திலிருந்து காபியை மெதுவாக ஊற்றிப் பாருங்கள், டபராவில் விழாமல் பாத்திரத்தின் வெளிப்பக்கமாகவே ஒட்டி வழியும். வளைந்த பரப்பைத் தண்ணீர் லேசில் விடாது. நம் டம்ளரின் வாய் வெளிப்பக்கம் மடிந்திருக்கிறதே, அந்த விளிம்பில் வந்ததும் காபி திரும்ப வழியில்லாமல் அறுந்து நேராக விழுகிறது. பறக்கும் படகின் அடிவயிறும் வளைந்து பின்னால் மேலேறிப் போவதுதான், அது வழவழவென்று ஒரே வளைவாக இருந்தால் தண்ணீர் ஒட்டிக்கொண்டு வாலைக் கீழே இழுத்துக்கொண்டே இருக்கும். அதனால் வயிற்றின் நடுவில், இறக்கைக்குக் கீழே, குறுக்காக ஒரு படி வெட்டியிருப்பார்கள். தண்ணீர் அங்கே அறுபடும், பின்னால் காற்று புகும். விமானி அந்தப் படியின் மேல் படகை நிறுத்தி ஓட்டி, மூக்கைக் கொஞ்சம் தூக்கினால் பிடி விட்டுவிடும்.

வினோதம் என்னவென்றால், கண்ணாடி மாதிரி அசையாத ஏரிதான் இவர்களுக்குப் பிடிக்காது. சிற்றலை இருந்தால் அடியில் காற்று புகுந்து ஒட்டுவது குறையும், அது இல்லாத நாளில் ஒரு மோட்டார் படகை முன்னால் ஓடவிட்டு அலை கிளப்பிவிட்டுக் கிளம்புவார்கள். இறங்கும்போதும் அதே தொல்லை, கண்ணாடி நீரில் நீர்ப்பரப்பு எவ்வளவு கீழே என்று கண்ணுக்குப் பிடிபடாது.

கொக்கலையிலிருந்து இப்படி எழும்பிய ஒரு கேட்டலினாதான் 1942 ஏப்ரல் 4 அன்று இலங்கைக்குத் தெற்கே ஜப்பானியக் கப்பற்படையைக் கண்டது. கனடாவைச் சேர்ந்த லெனார்ட் பர்ச்சால் ஓட்டிய விமானம் அது. செய்தியை வானொலியில் அனுப்பிக்கொண்டிருக்கும்போதே சுட்டு வீழ்த்தப்பட்டார்கள், ஒன்பது பேரில் ஆறு பேர்தான் பிழைத்துச் சிறைப்பட்டார்கள். மறுநாள் ஈஸ்டர் ஞாயிறு, கொழும்பு மீது குண்டு விழுந்தது. 9ஆம் தேதி திருகோணமலை தாக்கப்பட்டது, மட்டக்களப்புக்கு அப்பால் ஹெர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கியது.

அப்புறம் 1943 முதல் 1945 வரை குவாண்டாஸ் விமான நிறுவனம் ஆஸ்திரேலியாவின் பெர்த்திலிருந்து கொக்கலைக்கு ஐந்து கேட்டலினாக்களை ஓட்டியது. ஏறத்தாழ 5,600 கிலோமீட்டர், எங்கும் நிற்காமல், 27 முதல் 33 மணி நேரம். புறப்படும்போது எடையில் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகம் பெட்ரோல்தான், பயணிகள் மூன்று பேர், தபால் 69 கிலோ. முதல் பல மணி நேரத்துக்கு ஒரு இன்ஜின் நின்றால் கடலில் இறங்குவதைத் தவிர வேறு வழி கிடையாது. எதிரி கேட்டுவிடுவான் என்று வானொலியில் வாய் திறக்கவில்லை, நட்சத்திரங்களை அளந்து வழி கண்டுபிடித்தார்கள். ஒரே பயணத்தில் சூரியன் இரண்டு முறை உதித்ததால் அதற்கு இரட்டைச் சூரியோதயம் என்றே பெயர். மொத்தம் 271 கடப்புகள்.

போர் முடிந்ததும், நேசநாடுகளுக்கு அமெரிக்கா போர்த் தளவாடங்கள் தந்த கடன்-குத்தகை ஒப்பந்தப்படி, அந்த ஐந்தையும் கடலில் மூழ்கடித்துவிட்டார்கள். எனக்கு இன்னும் ஆறாத விஷயம் இது. குவாண்டாஸ் தொடங்கிய குவீன்ஸ்லாந்து மாநிலத்து லாங்ரீச்சில் உள்ள அருங்காட்சியகத்தில் இப்போது நிற்பது அதே வகையைச் சேர்ந்த வேறொரு கேட்டலினா. அங்கேயோ வேறெங்கேயோ ஒன்றைப் பார்க்க நேர்ந்தால், அந்த 32 மீட்டர் இறக்கையை அண்ணாந்து பார்த்துவிட்டு அப்படியே நகர்ந்துவிடாதீர்கள். குனிந்து அடிவயிற்றைப் பாருங்கள், டம்ளர் விளிம்பு மாதிரி அந்தப் படி தெரியும்.