கர்சிவ் என்றால் சேர்த்து எழுதுவதா?

நாலு கோடு நோட்டில் எழுதிப் பழகிய நமக்கு கர்சிவ் என்றதும், கையை எடுக்காமல் எழுத்துகளைச் சங்கிலி மாதிரி கோத்துக்கொண்டே போவதுதான் நினைவுக்கு வரும். ஆனால் அந்தச் சொல் பிறந்தது 'குர்ரெரே' என்ற லத்தீன் சொல்லிலிருந்து, அதற்குப் பொருள் ஓடுவது. வேகமாக எழுதும்போது பேனாவின் ஓட்டம் எழுத்தின் உருவத்தையே மாற்றிவிடுகிறதே, அந்த மாறிய உருவம்தான் கர்சிவ். எழுத்துகள் ஒட்டினாலும் சரி, ஒட்டாவிட்டாலும் சரி.

ஆங்கிலச் சின்ன 'என்' எழுத்தைப் பாருங்கள். நிமிர்ந்து நிற்கும் ரோமன் வடிவத்தில் ஒரு கோட்டை மேலிருந்து கீழே இழுத்து, பேனாவைத் தூக்கி, மறுபடி உச்சிக்குப் பக்கத்தில் வைத்து வளைவைப் போடுகிறோம். அதனால் வளைவு தலைப்பக்கம் முளைக்கிறது. இதையே அவசரமாக எழுதினால் பேனாவைத் தூக்கப் பொறுமை இருக்காது, இறங்கிய கோட்டின் மேலேயே திரும்ப ஏறி அப்படியே வளைந்துவிடும், ஆகவே வளைவு காலடியிலிருந்தே பிரிந்து வரும். சின்ன 'ஏ'யும் அப்படித்தான். மேலே கொக்கி, கீழே வயிறு என்றிருந்த இரண்டடுக்கு போய், ஒரு சுழி, ஒரு கோடு என்று முடிந்துவிடும்.

15ஆம் நூற்றாண்டு இத்தாலியில் நிக்கொலோ நிக்கொலி போன்ற அறிஞர்கள் பழைய நூல்களை இப்படி ஓடும் கையெழுத்தில்தான் படியெடுத்தார்கள். அந்தக் கையெழுத்தை வெனிஸில் ஆல்டஸ் மனூஷியஸ் அச்சுக்குக் கொண்டுவந்தார், எழுத்தச்சு வெட்டிக் கொடுத்தவர் பிரான்செஸ்கோ கிரிஃபோ. 1501ல் வர்ஜிலின் கவிதைகள் முழுக்க அந்த எழுத்திலேயே கைக்கு அடக்கமான புத்தகமாக வந்தன. அதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், பெரிய எழுத்துகள் எல்லாம் நிமிர்ந்தே நிற்கின்றன, சின்ன எழுத்துகள் மட்டும்தான் சாய்ந்து ஓடுகின்றன. நாம் இட்டாலிக் என்று சொல்வது இதன் வாரிசைத்தான், ஜெர்மானியர்கள் இன்றும் அதைக் குர்சிவ் என்றே அழைக்கிறார்கள். ரஷ்ய மொழியில் ஓட்டம் இன்னும் தெளிவாகத் தெரியும்: அச்சில் ஆங்கில 'டி' (T) போல இருக்கும் சின்ன எழுத்து, இட்டாலிக்கில் ஆங்கிலச் சின்ன 'எம்' போல மூன்று காலோடு நிற்கும்.

கணினியில் சின்ன 'ஏ'யை டைம்ஸ் நியூ ரோமனில் அடித்து இட்டாலிக் பொத்தானை அழுத்திப் பாருங்கள், இரண்டடுக்கு ஒன்றாகிவிடும். அப்புறம் ஏரியலில் அதையே செய்யுங்கள், கொக்கியும் வயிறும் அப்படியே இருக்க எழுத்து லேசாகச் சரிந்திருக்கும், அவ்வளவுதான். சாய்வு இருக்கிறது, ஓட்டம் இல்லை. நம் தமிழ் எழுத்துருக்கள் பலவற்றிலும் அந்தப் பொத்தான் 'க'வைச் சாய்க்க மட்டும்தான் செய்கிறது.