பெண் பாளை விடும் பொய் வாசனை

"ஒரே மரத்தில் ஆண் பாளையும் பெண் பாளையும் வருகிறதே, எண்ணெய்ப்பனைக்கு எதற்கு வண்டு?" என்று கேட்டிருக்கிறார் ஒரு வாசகர். வருகிறதுதான், ஆனால் சேர்ந்தாற்போல் வருவதில்லை. சில மாதம் ஆண் பாளையாகவே தள்ளும். அப்புறம் பெண் பாளை. அதனால் மகரந்தம் பெரும்பாலும் வேறு மரத்திலிருந்துதான் வந்தாக வேண்டும்.

மேற்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்த, பாமாயில் தரும் இந்த மரத்தை மலேசியாவில் 1917 முதல் தோட்டப்பயிராக வளர்த்தார்கள். காற்றே மகரந்தத்தைக் கொண்டுபோகும் என்று நம்பினார்கள். குலைகளில் காய் சரியாகப் பிடிக்கவில்லை. ஆள் வைத்து, மகரந்தத்தை டால்க் பவுடரோடு கலந்து பாளை பாளையாகத் தூவ வேண்டியதாயிற்று. மரத்தின் தாயகப் பகுதியான கேமரூனில் யாரும் தூவாமலே குலை நிறைவது எப்படி என்று பார்க்க, யூனிலீவர் நிறுவனத்தின் செலவில் போனார் பாகிஸ்தானைச் சேர்ந்த பூச்சியியலாளர் ரஹ்மான் சையத். ஆண் பாளையில் மொய்த்தது அரை சென்டிமீட்டர்கூட இல்லாத ஒரு கூன்வண்டு.

விஷயமே இனிமேல்தான். ஆண் பாளை விரியும்போது சோம்பு வாசனை தூக்கும். வண்டுக்கு அந்தப் பாளைதான் சாப்பாடு, அதுதான் கல்யாண மண்டபம், பிள்ளை பெறும் இடமும் அதுதான். பூவுக்குள் முட்டையிடும், உதிரவேண்டிய பூவைத் தின்றே புழு வளரும். மரத்துக்கு அதில் நஷ்டமில்லை. பெண் பாளையும், பூ மகரந்தம் ஏற்கும் அந்த இரண்டு மூன்று நாள் மட்டும், அதே வாசனையை விடுகிறது. மகரந்தம் அப்பிய உடம்போடு வண்டு ஓடி வரும். அங்கே தின்னவும் ஒன்றுமில்லை, முட்டையிடவும் வழியில்லை. ஏமாந்து திரும்பும். அதற்குள் மரத்தின் வேலை முடிந்துவிட்டது!

வேறு பயிரைத் தாக்காது என்று சோதித்த பிறகே இந்த வண்டை 1981இல் மலேசியாவில் விட்டார்கள். கையால் தூவும் வேலைக்கு அதோடு ஓய்வு. கேரளத்துக்கு 1985இல் வந்தது. எண்ணெய்ப்பனையைப் பரப்ப 2021இல் நம் அரசு 11,040 கோடி ரூபாய் ஒதுக்கியது. கன்றுக்கும் மானியத்துக்கும் கொடுக்கட்டும்; பூவருகே உட்கார்ந்து பூச்சியைக் கவனிக்கும் ஆளுக்கும் அதில் ஒரு பங்கு போகட்டும் என்பேன். "பூச்சி பார்க்கப் பணமா?" என்று சிரிப்பவர்கள் இங்கே அதிகம்.

தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று: காய்ந்த ஆண் பாளை பார்க்க அசிங்கமாக இருக்கிறதென்று வெட்டி எரிக்காதீர்கள். அடுத்த தலைமுறை வண்டு அதற்குள்தான் இருக்கிறது.