பேட்டரியை மாற்றும் முன் எர்த்தைப் பாருங்கள்

காலையில் கார் சாவியைத் திருகினால் 'டக் டக்' என்று சத்தம் மட்டும் வருகிறது, செல்ஃப் எடுக்கவில்லை. "பேட்டரி போயிட்டு" என்று உடனே புதுசு வாங்கக் கிளம்பிவிடுகிறோம். பல வண்டிகளில் அது வீண் செலவு. ஐந்நூறு ரூபாய்க்குள் கிடைக்கும் ஒரு மல்டிமீட்டர் இருந்தால் கடைக்குப் போகும் முன்னே உண்மை தெரிந்துவிடும்.

இரவு முழுக்க நின்ற வண்டியில் பேட்டரியை அளந்து பாருங்கள். 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ், 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே போனால் கிட்டத்தட்ட காலி. இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை வரவேண்டும். லைட், ஏசி போட்டதும் 13-க்குக் கீழே இறங்கினால் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்நேட்டரையோ அதைச் சுற்றும் பெல்ட்டையோ பார்க்கவேண்டும்.

12.6 இருந்தும் செல்ஃப் எடுக்கவில்லையா? எர்த்தை, அதாவது பேட்டரியின் நெகட்டிவை பாடியோடும் இன்ஜினோடும் இணைக்கும் வயரைச் சந்தேகப்படுங்கள். செல்ஃப் அடிக்கும் நொடியில் சுமார் 150 ஆம்பியர் ஓடுகிறது. வழியில் 0.01 ஓம் தடை இருந்தாலே 1.5 வோல்ட் அங்கேயே போய்விடும். கண்ணுக்கு எல்லாம் சரியாகத் தெரியும். செல்ஃப் மோட்டாருக்கு மட்டும் பலம் போதாது.

இதைக் கண்டுபிடிக்க, கியரை நியூட்ரலில் வைத்து ஹேண்ட்பிரேக் போடுங்கள். மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவ் குமிழில் வையுங்கள். கிளாம்பில் அல்ல, ஈயக் குமிழிலேயே. மறுமுனை இன்ஜினில் பெயின்ட் இல்லாத உலோகத்தில் படட்டும். இன்னொருவரைச் சாவியைத் திருகச் சொல்லுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் காட்டினால் நல்லது. 0.5-ஐத் தாண்டினால் கிளாம்பிலோ, எர்த் வயர் பாடியிலும் இன்ஜினிலும் பிடிக்கும் போல்ட்டிலோ துரு ஏறியிருக்கிறது. உவரி, இடிந்தகரை, கூடங்குளம் பக்கத்து வண்டிகளில் இதை முதலில் பாருங்கள். உப்புக் காற்று அந்த போல்ட்டைத்தான் முதலில் தின்னும்.

கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது கடைசியில். வரிசை மாறி பாசிட்டிவில் வைத்த ஸ்பேனர் பாடியில் பட்டால் பெரிய தீப்பொறி பறக்கும், கையும் வெந்துவிடும். ஒரு டம்ளர் வெந்நீரில் ஒரு ஸ்பூன் ஆப்ப சோடா கலந்து, குமிழில் பூத்திருக்கும் வெள்ளைப் பொடியின் மேல் ஊற்றினால் நுரைத்துக் கரையும். செல் மூடிகள் இறுக்கமாக இருக்கட்டும். சோடா உள்ளே போனால் ஆசிட் கெட்டுவிடும். கழுவித் துடைத்து, உப்புத்தாள் போட்டு, இறுக்கிய பிறகு மேலே வேஸ்லின் தடவுங்கள்.

டைனமோ (ஆல்டர்நேட்டர்) வேலை செய்கிறதா என்று பார்க்க, இன்ஜின் ஓடும்போதே பேட்டரி வயரைக் கழற்றும் பழைய வழக்கம் இன்னும் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். அந்த நொடியில் மின்னழுத்தம் எகிறி வண்டியின் கம்ப்யூட்டர் பெட்டியையே காவு வாங்கிவிடும்.

வண்டியை ஊரில் நிறுத்திவிட்டுக் கோயில் கொடைக்கு மட்டும் வருபவர்கள் ஒரு கணக்கைப் பாருங்கள். பூட்டிய வண்டியும் கொஞ்சம் கரண்ட் குடிக்கும். 50 மில்லி ஆம்பியர் என்றால் ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர் அவர் (ஒரு ஆம்பியர் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு ஆம்பியர் அவர்), 25 நாளில் 30. சின்ன காரின் பேட்டரியே 35 ஆம்பியர் அவர்தான். கிளம்பும்போது நெகட்டிவைக் கழற்றிவிடுங்கள்.

பிசான நெல் அறுப்பு முடிந்ததும் அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி வயல் எலிகள் பானெட்டுக்குள் குடிபுகும். வாரம் ஒருமுறை திறந்து, புழுக்கையோ வயர்த் துணுக்கோ கிடக்கிறதா பாருங்கள்.

ஃபியூஸ் போனால் அதே நிறத்தில்தான் மாற்றவேண்டும்: சிவப்பு 10 ஆம்பியர், நீலம் 15, மஞ்சள் 20. மாற்றியதும் மறுபடி போனால் பெரும்பாலும் எங்கோ வயர் உரசுகிறது. ஃபியூஸ் இடத்தில் கம்பியைச் சுற்றி ஓட்டினால், ஃபியூஸுக்குப் பதில் வயரிங்தான் எரியும்.