லேப்பிடரி: அரைவை அன்று, சாணை

மணிக்கல்லைத் தேய்த்து மெருகேற்றும் பழைய லேப்பிடரி இயந்திரம் ஒன்றை வாங்குவதற்காகச் சில மாதங்களாக விற்பனை அறிவிப்புகளைத் துழாவிக்கொண்டிருந்தேன். அந்த இயந்திரத்துக்குத் தமிழில் இட்டுவைத்திருக்கும் பெயர்களைக் கண்டு அலுத்துப்போனதே மிச்சம். ஓரிருவர் ‘கல்வெட்டு இயந்திரம்’ என்கிறார்கள். மற்றவர்கள் எல்லாரும் ‘கல் அரைவை இயந்திரம்’ என்கிறார்கள். முன்னதைச் சிரித்துக் கடந்துவிடலாம். பின்னது நிலைபெறத் தொடங்கிவிட்டதால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

இலத்தீனில் ‘லாபிஸ்’ என்றால் கல். அதிலிருந்து பிறந்த லேப்பிடரி என்னும் சொல், மணிக்கல்லை அறுத்துத் தேய்த்து மெருகேற்றும் தொழிலையும், அத்தொழிலைச் செய்பவரையும், கல்லில் பொறித்தாற்போன்ற செறிவான நடையையும் குறிக்கும். ‘கல்வெட்டு’ என்பது இந்தக் கடைசிப் பொருளிலிருந்து வந்து இயந்திரத்தின் தலையில் ஏறிக்கொண்டது. அகராதியில் கண்ணில் பட்ட பொருளையெல்லாம் எடுத்து ஒட்டினால் இப்படித்தான் ஆகும்.

அரைவைக்கு வருவோம். ஆங்கிலத்தின் ‘கிரைண்ட்’ என்ற ஒரே வினை செய்யும் வேலையைத் தமிழ் அரைத்தல், தேய்த்தல், தீட்டுதல் என்று பிரித்து வைத்திருக்கிறது. இந்தப் பிரிவினை வெறும் சொல்வளம் அன்று. செயலின் முடிவில் எது நமக்கு வேண்டும் என்பதைக் கொண்டு அமைந்தது. மாவை அரைக்கிறோம், மிளகாயை அரைக்கிறோம். அரைபட்டு வருவதே நமக்கு வேண்டும். சந்தனக்கட்டை மிஞ்சுகிறதே என்று ஒருவர் மடக்கலாம். அங்கும் நெற்றிக்குப் போவது குழம்புதான், கட்டை அன்று. கத்தியையோ யாரும் அரைப்பதில்லை. மணிக்கல்லிலும் எஞ்சி நிற்கும் கல்தான் பொருள். உதிரும் பொடி கழிவு. கழிவு மட்டுமா? அகேட் போன்ற கற்களின் சிலிக்காத் தூள் நுரையீரலில் படிந்தால் சிலிக்கோசிஸ் என்னும் நோய் வரும் என்பதற்காகவும் ஒவ்வொரு சக்கரத்தின்மேலும் ஓயாமல் நீர் சொட்டும்படி அந்த இயந்திரத்தை அமைக்கிறார்கள். விலக்க வேண்டிய பொடியை விளைபொருளாக்கிப் பெயர் வைப்பது என்ன மொழிபெயர்ப்பு?

நடைமுறையிலும் இப்பெயர் உதவுவதில்லை. ‘கல் அரைவை’ என்ற அறிவிப்பைப் பார்த்து ஒருவரை அழைத்தபோது அவர் கேட்ட முதல் கேள்வி, “எத்தனை லிட்டர் சார் வேணும்?” என்பதுதான். அவரிடம் இருந்தது மாவரைக்கும் கிரைண்டர். பிழை அவருடையது அன்று. அந்தச் சொல்லுக்கு உரிய பொருளை அவர்தான் சரியாகப் பிடித்திருந்தார்.

‘பட்டை தீட்டும் இயந்திரம்’ என்று சொல்லலாமே என்பார்கள். திருச்சிராப்பள்ளியிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் செயற்கைக் கற்களை வீட்டுத் தொழிலாகச் செய்துவந்தவர்களிடம் வழங்கும் நல்ல சொல் அது. ஆனால் பட்டை என்பது தட்டையான முகம். கிடையாகச் சுழலும் தட்டில், பெரும்பாலும் 96 பல் கொண்ட குறிச்சக்கரத்தால் கோணம் பிரித்துச் செய்யும் வேலைக்கு அது பொருந்தும். நான் தேடியதோ ஒரே அச்சில் 80, 220, 280, 600, 1200, 3000 என்று படிப்படியாக நுண்மை கூடும் ஆறு வைரத்தூள் சக்கரங்களை நிறுத்திய இயந்திரம். அது கல்லைக் குமிழ்போல் வழவழப்பாக்கும், பட்டை எடுக்காது. இரண்டையும் ஒரே பெயரால் அழைத்தால் வாங்குபவரின் பணம்தான் போகும்.

இந்த எண்களை வைத்தும் ஒரு கூத்து நடந்திருக்கிறது. கிரிட் என்பது இங்கே தூளின் நுண்மையைக் காட்டும் எண்; ஆங்கிலத்தில் அதற்கு மன உறுதி என்றும் பொருள் உண்டு. ‘80 கிரிட்’ என்பதை ஒரு கையேடு ‘80 மன உறுதி’ என்று பெயர்த்திருந்தது. 80 நம்பர் உப்புத்தாள் என்று எந்தக் கடையிலும் கேட்டு வாங்குகிற நாட்டில் ‘80 நம்பர் சாணை’ என்று எழுத யாருக்கும் கை வரவில்லை.

ஆம், சாணை என்பதே என் பரிந்துரை. அது வடசொல் என்று முகம் சுளிப்பவர்கள் இருக்கிறார்கள். வடமொழியின் ‘சாண’த்தோடு தொடர்புடையதுதான், ஆனால் தெருவில் கத்தி தீட்டுபவர் கூவும் சொல்லை விலக்கிவிட்டு, தூய்மையின் பெயரால் பொருள் பிழைத்த சொல்லைப் புகுத்துவது தமிழுக்குச் செய்யும் நன்மை ஆகாது. பழஞ்சொல்தான் வேண்டுமென்றால் மதுரைக்காஞ்சியில் மணியைத் துளையிடுவோர் ‘திருமணி குயினர்’ எனப்படுகின்றனர். அகநானூற்றின் முதற்பாட்டில், சாணை செய்யும் காரோடன் பயினோடு, அதாவது அரக்கோடு, சேர்த்த கல் பிரியாமைக்கு உவமையாகிறது. குருந்தக்கல் தூளை அரக்கில் பிணைத்துச் சாணைச் சக்கரம் வார்ப்பது இந்நாட்டின் பழைய முறை. அந்தக் குருந்தம்தான் ஆங்கிலத்தில் ‘கொரண்டம்’ ஆனது. நம்மிடம் கடன் வாங்கியவர்களின் கருவிக்கு நாம் மாவுமில்லின் பெயரை வைத்துக்கொண்டிருக்கிறோம்.

ஆகவே குமிழ்க்கல் செய்யும் இயந்திரத்தை மணிச்சாணை என்றும், பட்டை எடுப்பதைப் பட்டைச்சாணை என்றும் சொல்லலாம். கற்களை உருளையில் இட்டு நாள்கணக்கில் உருட்டும் கருவியில் சக்கரமே இல்லாததால் அதற்குச் சாணை பொருந்தாது; உருட்டுகலன் போதும்.

ஒருவழியாக எனக்குக் கிடைத்தது 110 வோல்ட்டில் ஓடும் அமெரிக்க இயந்திரம். மின்மாற்றி அழுத்தத்தைச் சரிசெய்ததே தவிர, 60 ஹெர்ட்சுக்கு அமைந்த மோட்டார் நம் 50 ஹெர்ட்சில் நிமிடத்துக்கு 1,725 சுற்றிலிருந்து ஏறக்குறைய 1,440-க்கு இறங்கிவிட்டது. அதைப் பொறுத்துக்கொள்ளலாம், அச்சு ஆடியதைத்தான் பொறுக்க முடியவில்லை. ‘மணிச்சாணை பழுது பார்க்க ஆள் தேவை’ என்று எழுதிப்போட்டேன். வந்தவர் கத்திக்குச் சாணை பிடிப்பவர். மணிக்கல்லைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. சக்கரத்தை ஒருமுறை கையால் சுழற்றிப் பார்த்துவிட்டு, இடப்பக்கத்து பேரிங் போயிருக்கிறது என்றார், போயிருந்தது.